கலாசாலைப் பேரேடும் இணையவழிப் பாடமும்

(தஞ்சையில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவது நம் கூட்டங்களில் வழக்கம். கல்வி நிதிக்குப் பொருள் சேர்ப்பதும், தேர்ச்சி பெற்ற சிறார்க்குப் பரிசளிப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வனவே. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றை நோக்கச் சிறியதாகத் தோன்றும். ஒருவர் கற்று முடித்த பின்னர், அவர் கற்றார் என்பதற்குரிய சான்றும், அவர் கற்ற பாடமும் எங்கே இருக்கின்றன? எத்துணைக் காலம் இருக்கும்? யாருடைய பொறுப்பில் இருக்கும்? இவையே எம் வினாக்கள். இது கலாசாலை அலுவலகத்தார் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், நமக்கு இதில் யாது தொடர்பு என்று ஒருவரும் எண்ணற்க. அங்ஙனம் எண்ணியதன் பயனை யாமே நேரிற் கண்டோம். அதனை முதற்கண் கூறுதும்.

யாம் ஒரு கலாசாலையின் பதிவேட்டுப் பகுதியைப் பல்லாண்டு மேற்பார்த்து வந்தோம். 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரே வாரத்துள் இருவர் எம்மை நாடி வந்தனர். முன்னே வந்தவர் நம் சங்கத்து முதியவர் ஒருவர். திருவையாற்றை அடுத்த சிற்றூரினர். 1968ஆம் ஆண்டில் அக்கலாசாலையிற் புகுமுக வகுப்புப் படித்தவர். அயல்நாட்டிலுள்ள தம் மகனிடம் செல்வதற்குக் கடவுச்சீட்டு வேண்டினார். பிறந்த தேதியில் ஐயம் எழுந்தமையால், சேர்க்கைப் பேரேட்டின் நகல் அவருக்குத் தேவைப்பட்டது. தூசி படிந்த பேரேட்டை எடுத்து, பக்கம் புரட்டி, நகல் எழுதிக் கொடுத்தோம். ஆன நேரம் கால் மணியே. தம் தந்தையார் இட்ட கையெழுத்தை அப்பக்கத்திற் கண்டு அப்பெரியவர் கண்கலங்கி நின்றதை யாம் மறந்திலோம்.

மூன்றாம் நாள் வந்தவள் பாபநாசத்துப் பக்கத்துப் பெண். அவள் குடும்பத்திற் கலாசாலைப் படி ஏறிய முதல் ஆள் அவளே. 2020ஆம் ஆண்டிற் சேர்ந்து 2023இற் பட்டம் பெற்றவள். கடல் கடந்து மேற்படிப்புக்குச் செல்ல இடம் கிடைத்திருந்தது. ஆயினும் அங்குள்ளோர் மதிப்பெண் பட்டியலோடு அமையாது, ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்பிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம், எவ்வெப் பயிற்சிகள், எந்நூல்கள் என்னும் விவரங்களையும் கேட்டனர். அவளுடைய முதலாண்டு முழுதும் நோய்த்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்பு. பாடக் குறிப்புகளும் காணொளிகளும் பயிற்சித் தாள்களும், ஆண்டுக் கட்டணத்திற்கு எடுத்த ஓர் இணையத் தளத்தில் இருந்தன. அத்தளத்தின் ஒப்பந்தம் முடிந்து, அதிலிருந்தவை யாவும் அழிந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. சில பாடங்கள் பணி நீங்கிச் சென்ற ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சற் கணக்கில் இருந்தன, அக்கணக்கும் மூடப்பட்டிருந்தது.

அன்பர்களே! ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று கேட்டு வந்த கடிதம் எம் மேசைக்குத்தான் வந்தது. வகுப்புகள் மீண்டும் கட்டடத்தில் நடக்கத் தொடங்கிவிட்டன, இனி இதற்கு ஏன் வீண் செலவு என்று கருதி, 'புதுப்பிக்க வேண்டுவதில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டவர் யாமே. நீக்குமுன் உள்ளே இருப்பதை ஒரு படி எடுத்து வைப்போம் என்று எமக்கும் தோன்றவில்லை, வேறொருவரும் சொல்லவில்லை. மூன்று மாணவிகளின் கைந்நோட்டுகளையும், ஒருத்தியின் கைப்பேசியிற் கிடந்த சில படங்களையும் கொண்டு அவ்விவரத்தை மீண்டும் எழுதி முடிக்க 40 நாட்கள் ஆயின. அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அப்பெண்ணுக்கு ஓராண்டு போயிற்று. மறு ஆண்டில் அவள் சென்றாள் என்பது ஆறுதலே; ஆயினும் போன ஆண்டை யாம் திருப்பித் தர இயலுமோ?

1968ஆம் ஆண்டுப் பேரேடு கால் மணியிற் கிடைத்தது. 2020ஆம் ஆண்டுப் பாடம் கிடைக்கவே இல்லை. இதன் காரணம் யாதெனில், காகிதத்தை நாம் மறந்தாலும் அது அலமாரியிற் கிடக்கும். கணினியில் உள்ளதோ நாம் மறந்த அளவில் மறையும். ஆண்டுதோறும் ஒருவர் கட்டணம் செலுத்த வேண்டும். ஒருவர் கடவுச்சொல்லை அறிந்திருக்க வேண்டும். ஒருவர் பழைய வடிவத்தைப் புதிய வடிவத்திற்கு மாற்ற வேண்டும். இம்மூவரில் ஒருவர் தவறினும் பொருள் போய்விடும். இது எம் கலாசாலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கலாசாலைகள் மூடப்பட்டபொழுது, உலகெங்கும் ஆசிரியர்கள் ஒரே கிழமைக்குள் பாடங்களை இணையத்தில் ஏற்றினர். இடத்திற்கு அளவில்லை என்ற நம்பிக்கையே அப்பொழுது இருந்தது. கூகுள் நிறுவனம் தன் கல்விச் சேவையில் அளித்து வந்த அளவிலா இடத்தை 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நிறுத்தி, ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாக 100 டெராபைட் என வரையறுத்தது. பெரிய பல்கலைக்கழகங்களும் எதை வைப்பது, எதை நீக்குவது என்று அவசரமாக ஆராய நேர்ந்தது. இலவசமாகக் கிடைத்த இடம் என்றும் இலவசமாகவே இருக்கும் என்று கொள்ளற்க.

நிற்க. பதிவு என்பது யாருடைய பொருள்? இதனைத் தெளிந்துகொண்டால் ஏனைய யாவும் தெளிவாகும். அதற்கு நாம் வேறெங்கும் போக வேண்டுவதில்லை. இக்கூட்டம் நடைபெறும் இடத்திற்கு அணித்தேயுள்ள பெரிய கோயிலின் சுவரைப் பார்த்தாற் போதும். முதலாம் இராசராசன் அக்கோயிற் பணிக்கெனக் கொணர்ந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் அங்கே வெட்டப்பட்டுள்ளன. பெயர் மட்டுமோ? எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, முன்பு எவ்வூர்க் கோயிலைச் சார்ந்தவர் என்பனவும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊர் நீங்கினாலோ அப்பங்கு அடுத்த முறையினர்க்குச் சேர வேண்டும் என்பதும் அங்கே எழுதப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இவ்வளவு நுணுக்கமாக ஏன் எழுதினர்? அப்பெயர் அழிந்தால் அவருடைய நெல் அழியும். பதிவு அரசனுடைய பெருமைக்காக மட்டும் அன்று. பங்குடையவரின் உரிமைக்காகவே கல்லில் ஏறிற்று. கலாசாலைப் பேரேடும் அத்தகையதே. அது நிர்வாகத்தாரின் சொத்தன்று. அதில் எழுதப்பட்ட மாணவரின் பங்கு. நிர்வாகத்தார் அதற்குத் தருமகர்த்தர் மாத்திரமே.

இனி, வைத்திருப்பதாலேயே ஒன்று பயன்படும் என்பதும் உறுதியன்று. நம் சரசுவதி மகாலையே எடுத்துக்கொள்வோம். நாயக்கர் காலத்தில் தோன்றி, மராட்டிய மன்னராற் பெருகி, இரண்டாம் சரபோசியின் காலத்தில் உலகப் புகழ் பெற்று, 1918இற் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அங்குள்ள வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து, தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் துரை 1880ஆம் ஆண்டில் ஓர் அட்டவணை வெளியிட்டார். அட்டவணை வந்த பின்னரே இன்ன சுவடி இங்கே உளது என்று உலகம் அறிந்தது. அட்டவணை இல்லாத குவியல் புத்தகசாலை ஆகாது. பெயரும் தேதியும் இல்லாத ஆயிரம் காணொளிகளை ஒரு ஹார்டு டிஸ்கிற் கொட்டி வைத்துப் பாதுகாத்தோம் என்பாரும் இதனை எண்ணிப் பார்க்க.

அதே மராட்டியர் ஆட்சியின் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் மூட்டை மூட்டையாக உள்ளன. சத்திரங்களின் செலவு, சம்பளம், மானியம் முதலிய நாள்வழிச் செய்திகள் அவற்றிற் பொதிந்து கிடக்கின்றன. காகிதம் உளது, எழுத்தும் உளது, படிப்பவரோ மிகச் சிலர். அவ்வெழுத்தைக் கற்ற சிலர் இருந்தமையாலன்றோ, தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றுட் சிலவற்றைத் தமிழாக்கி வெளியிட முடிந்தது! மோடி எழுத்து வழக்கொழியப் பல பத்தாண்டு ஆயின. கணினி எழுத்து வழக்கொழியப் பத்தாண்டே போதும். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்பதற்கு முன்னர், பாமினி என்றும் வானவில் என்றும் பலவகை எழுத்துருக்களில் வினாத்தாள்களும் பாடத்திட்டங்களும் அச்சாயின. இன்று அக்கோப்புகளைத் திறந்தால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தோன்றும். அசைபடப் பாடங்களுக்குப் பெரிதும் பயன்பட்ட ஃபிளாஷ் என்னும் மென்பொருள் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31உடன் ஆதரவு இழந்தது. அதில் அமைத்த பாடங்கள், கோப்பு முழுமையாக இருந்தும், பெரும்பாலான கணினிகளில் இன்று ஓடுவதில்லை. மூடில் என்னும் பாடத்தளத்தில் எடுத்த காப்புப் படியும் மூடிலிலேயே திறக்கற்பாலது. ஆதலின் அப்படியோடு, பாடத்திட்டத்தையும் மதிப்பெண்ணையும் எக்கணினியிலும் திறக்கக்கூடிய எளிய வடிவிலும் வைத்தல் வேண்டும். மதிப்பெண்ணைக் காகிதத்திலும் அச்சிட்டு வைத்தல் வேண்டும்.

எதனை வைப்பது, எதனை விடுப்பது என்று முடிவு செய்யும்போது செருக்கு ஆகாது. கும்பகோணத்துக் காவிரிக் கரையில், 1854இல் தோன்றிய அரசினர் கல்லூரியை நீங்கள் அறிவீர்கள். 1904ஆம் ஆண்டில் அங்கே உதவித்தொகையுடன் சேர்ந்த ஒரு மாணவர், கணிதத்திலன்றிப் பிற பாடங்களிற் கருத்தூன்றாது தவறி, உதவித்தொகையை இழந்தார். அவரே கணித மேதை இராமானுசன். 1920இல் அவர் மறைந்தபின், அவருடைய தாள்கள் சில இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அவை பேராசிரியர் வாட்சன் என்பாரிடம் இருந்தன. 1965இல் வாட்சன் இறந்தபொழுது, அவர் இல்லத்து அறையில் ஓரடி உயரத்துக்குக் காகிதம் பரவிக் கிடந்தது. சில நாட்களில் அவை எரிக்கப்பட இருந்தன. பார்க்கச் சென்ற அறிஞர் சிலர் அவற்றைக் காப்பாற்றி, 1968இற் கேம்பிரிட்சிலுள்ள திரினிட்டிக் கல்லூரிக்கு அளித்தனர். 1976இல் ஆண்ட்ரூசு என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அக்கட்டிற் பார்த்தபொழுதுதான், 600க்கு மேற்பட்ட சூத்திரங்கள் அடங்கிய இராமானுசனின் கையெழுத்துத் தாள்கள் அங்கிருப்பது வெளிப்பட்டது. தேர்விலே தவறியவரின் தாள் அது! இன்று எந்த மாணவரின் கட்டுரை நாளை வேண்டப்படும் என்பதை நாம் யாங்ஙனம் அறிவோம்?

ஆயினும், எல்லாவற்றையும் என்றும் வைத்திருப்போம் என்பதும் அறமன்று. இதனை நம் சமூகத்தார் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மாணவர் கோப்பிற் சாதிச் சான்று உளது. வருமானச் சான்று உளது. நோயுற்றபோது தந்த மருத்துவச் சான்று உளது. கட்டணம் செலுத்த இயலாது தந்தை எழுதிய விண்ணப்பம் உளது. வீட்டிலிருந்தே எழுதிய தேர்வுகளின் காணொளியில், அவர்தம் குடிசையும் கூடத்திற் படுத்திருந்த பாட்டியாரும் தெரிகின்றனர். அவை அக்காலத்துத் தேவைக்குத் தந்தவை; ஊராருக்கு என்று தந்தவை அல்ல. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கொண்ட நோக்கம் நிறைவேறிய பின்னர், வேறு சட்டம் வேண்டினாலன்றி, அத்தகைய விவரங்களை நீக்க வேண்டும் என்கிறது. ஆகவே மூன்று கூறாகப் பிரித்தல் நன்று. சேர்க்கைப் பேரேடு, மதிப்பெண் பேரேடு, மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டை ஆகியவை என்றும் இருக்க வேண்டியவை. பாடத்திட்டம், பாடக் குறிப்பு, வினாத்தாள், தேர்ந்தெடுத்த காணொளிகள் ஆகியவை நெடுநாள் இருக்க வேண்டியவை. வருகைப் படங்கள், தேர்வுக் காணொளிகள், அரட்டைக் குறிப்புகள், குடும்ப விவர நகல்கள் ஆகியவை தவணை குறித்து, தவணை முடிந்ததும் ஒருவர் கையொப்பத்துடன் அழிக்க வேண்டியவை.

காணொளிகளைப் பற்றி ஆசிரியர்களிடையே ஓர் அச்சம் உளது. தம் பாடத்தை ஒருமுறை பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர்த் தம்மை வேண்டாவென்று விடுவரோ எனத் தொகுப்பூதியத்தில் உள்ளோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொய்யென்று தள்ளற்பாலதன்று. காப்பகத்திற் பாடத்தை வைப்பதற்கும், வகுப்பிலே அதனை ஆசிரியருக்கு மாற்றாக ஓட்டுவதற்கும் உள்ள வேற்றுமையை எழுத்திற் குறித்து, ஆசிரியர் இசைவு பெற்று, அதன் பின்னரே வைத்தல் முறை.

'அரசாங்கமே இவற்றையெல்லாம் வைத்திருக்கிறதே' என்பார் உளர். 2015இல் வந்த டிஜிலாக்கரின் வாயிலாகப் பட்டச் சான்றுகளும், 2021இல் ஏற்பட்ட கல்விக் கணக்கு வங்கியின் வாயிலாக மதிப்பீட்டுப் புள்ளிகளும் இன்று கிடைக்கின்றன. இவை பெருநன்மை என்பதில் ஐயமில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் வேதாரணியக் கரையைத் தாக்கிக் கூரைகளைப் பெயர்த்தபொழுது, வீட்டுப் பெட்டியில் இருந்த காகிதத்தின் கதி யாதாயிற்று என்பதை நம் உறவினர் பலர் அறிவர். ஆயினும் கலாசாலை ஏற்றியதே அங்கே இருக்கும். ஏற்றாத பழைய ஆண்டுகள் இரா. சான்று அங்கிருக்கும், பாடம் அங்கிராது.

அப்படியாயின் வழி யாது? உழவர் வழியே வழி. விதைநெல்லைக் குதிரிலிட்டுப் பூட்டிப் பத்தாண்டு வைத்தால் அது முளைக்குமோ? ஆண்டுதோறும் விதைத்து, அறுத்து, புது விதை எடுத்தாலன்றி வகை நிலைப்பதில்லை. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தைச் சார்ந்த நெல் செயராமன் அவர்கள் 174 மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார், 2018இல் மறைந்தார். அவர் அவற்றைக் கண்ணாடிக் குப்பியில் மட்டும் அடைத்து வைத்தாரில்லை. உழவர்க்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டில் நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்றார். ஒருவர் வயலில் அழிந்தாலும் மற்றொருவர் வயலில் இருக்கும். ஏடுகளை நம் முன்னோர் பெயர்த்தெழுதிக் காத்ததும் இவ்வாறே. ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தவை என்னாயின என்பதற்கு, 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகமே சான்று.

ஆதலின், கலாசாலைகள் மூன்று படிகள் வைத்தல் வேண்டும். ஒன்று கலாசாலையில், ஒன்று இணையச் சேமிப்பகத்தில், ஒன்று வேறு ஊரில், வெள்ளமும் புயலும் ஒருங்கே எட்டாத இடத்தில். செலவு பெரிதன்று. ஒரு மணிக் காணொளி ஏறத்தாழ அரை ஜிகாபைட் எனக் கொண்டால், 60 மணிப் பாடம் 30 ஜிகாபைட். இரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்றில் அத்தகைய பாடம் அறுபதுக்கு மேல் அடங்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன் வாய்க்காலைத் தூர்வாருகிறோம் அன்றோ? அவ்வண்ணமே புதுக் கல்வியாண்டு தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு டிஸ்கையும் திறந்து பார்த்து, பழுதுபட்டதை மாற்றி, பார்த்தவர் பெயரைக் குறித்தல் வேண்டும். வாராத வாய்க்காலில் தண்ணீர் வாராது.

இறுதியாக நம் சங்கத்தின் கடமையைக் கூறி அமைகின்றோம். கலாசாலை நிர்வாகங்களில் நம்மவர் பலர் இருக்கின்றனர். எந்த இணைய ஒப்பந்தத்தையும் முடிக்குமுன் உள்ளிருப்பதைப் படியெடுத்தல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்ற அவர்களை வேண்டுகின்றோம். நம் கல்வி நிதியில் உதவி பெறும் ஒவ்வொரு மாணவருக்கும், தம் பாடத்திட்டங்களையும் சான்றுகளையும் ஆண்டு முடிவில் தாமே படியெடுத்து வைக்குமாறு கற்பித்து, அதற்கொரு பென் டிரைவும் அளிப்போமாக. நம் நிதியின் உதவி பெற்றோர் பெயரேடுகள் மூலையிற் கிடக்கின்றன. அவற்றிற்கு அட்டவணை எழுதும் பணியை, உடல்நலம் உள்ளளவும், யாமே ஊதியமின்றி ஏற்றுக்கொள்கின்றோம்.

ஒரு பெண்ணின் ஓராண்டு எம் கையொப்பத்தால் வீணாயிற்று. அத்தகைய கையொப்பம் இனி நம்மவர் எவரும் இடாதிருப்பாராக.